ஆண்டவருக்கு ஜாமீன்

அன்று படாளம் சபை மண்டபத்தில் இருந்தவர்கள்: நீதிபதியாகத் திருப்போரூர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கஸ்தூரிரங்கன், இயேசுவின் வக்கீலாகச் சபைச் செயலாளர் ஆபிரகாம், கூண்டில் இயேசுவாக அவர் மகன் ஆல்வின், எதிர்த்து வாதாட, செங்கல்பட்டு கோர்ட்டில் ஜூனியர் வக்கீலான சிநேகா, வேடிக்கை பார்க்க மொத்தச் சபையும்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்து விசாரணை நாடகம். மறுநாள் ஆராதனையில் ஆல்வின்–சிநேகா திருமணத்துக்கான சபை அறிவிப்பு, முதல் ஓலை, வாசிக்க வேண்டும்.

"த பாரு சிநேகா," என்று ஆபிரகாம் காதோடு எச்சரித்தார். "ஆண்டவர் மேல பேருக்கு ரெண்டு வார்த்த பேசிட்டு உக்காந்துக்க. மீறினா நாளைக்கு ஓலை கெடையாது."

"எடுத்த கேஸ ஒழுங்கா நடத்தணும், மாமா," என்றாள் சிநேகா.

நடத்தினாள்.

"கனம் நீதிபதி அவர்களே, இவர் லைசென்ஸ் இல்லாமல் கல்யாண வீட்டில் ஆறு ஜாடி திராட்சரசம் தயாரித்தார். இரண்டாயிரம் பன்றிகளைக் கடலில் பாய்ந்து மூழ்க வைத்தார். உரியவருக்கு நஷ்டஈடு இல்லை."

"பன்னிக்காரன் பாவம்பா," என்றார் கோழிப்பண்ணை ரவிச்சந்திரன்.

"அதுங்களுக்குள்ள பிசாசு பூந்துகினு இருந்துச்சி, ஐயா," என்றார் ஆபிரகாம்.

"கால்நடை மருத்துவர் சான்றிதழ் இருக்கிறதா?" என்றாள் சிநேகா.

வேதத்தில் உள்ளபடி வாய் திறக்கக் கூடாது என்று ஆல்வினுக்கு உத்தரவு. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

சபை கொதித்தது. "அவர் நிரபராதி" என்று ஒரே சத்தம். "அவருக்காக உசுரையே குடுப்பேன்," என்று ஆபிரகாம் மேசையைத் தட்டினார்.

கஸ்தூரிரங்கனுக்குத் தலை சுற்றியது. "வழக்கு அடுத்த சனிக்கிழமைக்கு வாய்தா. யாராவது ஜாமீன் போட்டு இவரை அழைத்துப் போகலாம்."

சிநேகா கோர்ட்டிலிருந்து நிஜமான ஜாமீன் பத்திரமே கொண்டு வந்திருந்தாள். அதைச் சபையாரிடம் நீட்டினாள்.

"நெலத்துப் பட்டா அண்ணன் பேர்ல கீது," என்றார் ரவிச்சந்திரன்.

"வூட்டுக்காரரக் கேக்காம நான் எதுலயும் கையெழுத்து போடறதில்ல," என்றாள் முன்வரிசையில் இருந்த செங்கம்மாள்.

"நீர் போடும், ஆபிரகாம்," என்றார் நீதிபதி.

"உசுரு வேற, கையெழுத்து வேற, சார். மச்சானுக்கு ஜாமீன் போட்டு, அவன் ஓடிப்போயி, ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சவன் நான்."

"இது நாடகம் ஐயா."

"பத்திரம் நெசமால்ல கீது."

சிநேகா பத்திரத்தைத் திரும்ப வாங்கி, தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

"எதிர்த்தரப்பு வக்கீலே ஜாமீன் போடுவது முறையில்லையே, அம்மா," என்றார் நீதிபதி.

"வேறு ஆள் இல்லையே, ஐயா."

ஆபிரகாம் எழுந்தார். "ஆண்டவர எதுத்துப் பேசினவ எங்க வூட்டுக்கு வேணாம். நாளைக்கு ஓலை இல்ல. வாடா ஆல்வின், போலாம்."

ஆல்வின் கூண்டை விட்டு இறங்கினான். அப்பாவைக் கடந்து வந்து, ஜாமீன் போட்டவளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே நடந்தான்.