பகல் தூக்கம்

ஸ்ஃபாக்ஸ் நகரத்துக் கிளினிக்கில், கணவர் முன்ஜியை முன்னால் தள்ளிக்கொண்டு நுழைந்தாள் ஸக்கியா.

"டாக்டர், இந்த மனுஷனுக்கு எழுபது வயசு. பகலெல்லாம் தூங்கி விழறாரு. நேத்து முடிவெட்டற கடையில கண்ணசந்து தலையைச் சாய்ச்சிட்டாரு. காது தப்பிச்சதே பெரிசு!"

"தூக்கத்துல மூச்சு நிக்கிற கோளாறா இருக்கலாம். வீட்டு வைத்தியம் ஏதாவது பண்ணீங்களா?" என்றார் டாக்டர் நஜ்லா.

"ஆலிவ் எண்ணெய் மூக்குல விட்டேன். மல்லாந்து படுக்காம இருக்க சட்டை முதுகுல பந்து வெச்சுத் தைச்சேன். எதுக்கும் கேக்கல."

டாக்டர் முன்ஜியிடம் திரும்பினார். "ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கறீங்க?"

முன்ஜி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எங்க தூங்கறது? மூச்சு நின்னு நின்னு வர்றது இவளுக்குத்தான். அடுத்த மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே விடிய விடிய உட்கார்ந்திருக்கேன். சொன்னா, எங்க வம்சத்துல பொம்பளைங்க குறட்டை விடமாட்டாங்கன்னு சண்டைக்கு வர்றா!"

ஸக்கியா அவர் பக்கம் திரும்பினாள். கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பரிசோதனை முடிந்து, ஸக்கியாவுக்கு முகமூடியோடு மூச்சுக் கருவி வந்தது. மறுநாள் காலை பத்து மணியாகியும் வீடு திறக்காததால், பயந்துபோன மகள் அக்கம்பக்கத்தாரோடு கதவை இடித்தாள்.

கண்ணைக் கசக்கியபடி திறந்தார் முன்ஜி.

"மெதுவா தட்டக் கூடாதா? மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து தூங்கறோம்!"