நூலில் கட்டிய ஈஸ்டர்

"ஏட்டி ஸ்டெபி, சுவத்துல ஆணி அடிக்காத. செலோ டேப்பும் வேண்டாம், பெயின்ட் உரிஞ்சிரும்" என்றாள் பாக்கியவதி.

குருத்தோலைச் சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு மகள் விழித்தாள். பின்னே எதில்தான் மாட்டுவது என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிடச் சொன்னாள் அம்மா.

மறுநாள் ஈஸ்டர். கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் ஜேசுதாசன் மனைவியோடு வருகிறார். இருபத்தோரு வருடத்தில் அவர் தங்கையைத் தேடி வருவது இதுதான் முதல் தடவை. ஜெபஸ்டினைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, சொந்தமாக ஓர் ஓட்டுக்கூரைகூட இல்லாதவனோடு போகிறாய், நடுத்தெருவில் நிற்கும்போது என்னிடம் வராதே என்று சொல்லிவிட்டுப் போனவர். போன வருடம் அம்மாவின் அடக்கத்தில்தான் மறுபடி முகம் கொடுத்துப் பேசினார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். சேரன்மகாதேவியில், ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு, நன்றாகத்தான் இருக்கிறோம் என்றாள். அப்படியானால் ஈஸ்டருக்கு வருகிறோம் என்றார்.

அலங்காரச் சாமான்களைக் கடையில் வாங்க வழியில்லை. முக்கு புரோட்டாக் கடையில் சொல்லிவைத்து, நுனி மட்டும் உடைந்த முட்டை ஓடுகளாக ஒரு மாதம் சேர்த்திருந்தாள். பீட்ரூட் சாறு, மஞ்சள்தூள், துணிக்குப் போடும் சொட்டு நீலம் என்று மூன்று கிண்ணங்களில் முக்கியெடுத்ததும் ஓடுகளுக்கு ஒரு களை வந்துவிட்டது. பத்தமடையில் பாய்க்குக் கழித்துப்போட்ட கோரையைச் சுருட்டி, குருவிக்கூடு மாதிரி செய்து அவற்றை உட்கார வைத்தாள். ஸ்டெபி பழைய நோட்டின் எழுதாத பக்கங்களைக் கிழித்து லில்லிப் பூக்கள் செய்தாள்.

நடுவில் பீட்ரூட் சாறு தரையில் ஒரு சொட்டு விழுந்தது. பாக்கியவதி பதறிப்போய் முந்தானையாலேயே துடைத்தாள். கறை போன பிறகும் அதே இடத்தை இரண்டு தடவை தேய்த்தாள். தெருவில் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஜெபஸ்டினுக்குப் பொறுக்கவில்லை. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. நம்ம இருக்கபடியே அவுங்க வந்து பாக்கட்டும்."

"ஒரே ஒரு நாளு. சாயங்காலம் ரயிலேறிப் போயிருவாவ. அதுவரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்க."

அவர் எழுந்து பின்பக்கம் போனார்.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் அண்ணனும் மதினியும் வந்துவிட்டார்கள். மதினி ஒவ்வொரு முட்டையாகத் தொட்டுப் பார்த்து, இதையெல்லாம் எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டாள். வீட்டிலேயே செய்தது என்றதும் போனில் படம் பிடித்துக்கொண்டாள். அண்ணன் ஹாலின் நடுவில் நின்று மேலும் கீழும் பார்த்தார். இலையில் கோழிக்குழம்பு விழுந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"பாக்கியம், அன்னைக்கு நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது. மாப்ள உன்ன நல்லாத்தான் வச்சிருக்காரு."

அவளுக்குக் கண் நிறைந்தது. ஜெபஸ்டின் இலையை விட்டுத் தலை நிமிரவே இல்லை.

அப்போதுதான் வெளிக்கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ப்ரீதா வந்துகொண்டிருந்தாள். பெங்களூரில் இருப்பவள். அடுத்த மாதம்தான் ஊர்ப்பக்கம் வருவேன் என்று போனில் சொல்லியிருந்தவள். பாக்கியவதியின் கையிலிருந்த கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினிதான் முதலில் பேசினாள். "யாரத் தேடுதீங்க? இது எங்க நாத்தனார் வீடுதான். உள்ள வாங்க."

ப்ரீதா வாசலிலேயே நின்றாள். நூலில் ஆடும் முட்டைகளைப் பார்த்தாள். இலைகளைப் பார்த்தாள், தலை குனிந்திருந்த ஜெபஸ்டினைப் பார்த்தாள். கடைசியாகப் பாக்கியவதியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"ஹாப்பி ஈஸ்டர் அக்கா" என்றாள். மதினியின் பக்கம் திரும்பி, "முந்தி நான் இங்கன வாடகைக்கு இருந்தேன். அந்தப் பழக்கத்துல சொல்லாம வந்துட்டேன். எனக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்க" என்றாள்.

சொல்லிக்கொண்டே, தன் வீட்டைத் திறப்பதற்காகக் கையில் எடுத்திருந்த சாவியை, அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்கச் சம்பளத்துக்கு வரும் பாக்கியவதி மட்டும் பார்க்கும்படி, கைப்பைக்குள் போட்டு மூடினாள்.