முன்னால் இறங்கியவர்

ஏப்ரல் முடிந்தால் எங்கள் சவுத்லாந்து ஆறுகளில் மீன்பிடிக்கத் தடை. கடைசி மாலையன்று வேலை முடிந்ததும், மறைந்த என் கணவர் க்ளைவின் தூண்டிலோடு ஆற்றுக்குப் போனேன். அவர் நண்பர் மெர்வும் வந்தார். வில்லோ மரத்தடி மடுவிலுள்ள பெரிய ட்ரவுட் மீனை ஒருமுறையேனும் பிடித்து, கையில் ஏந்தி, திரும்ப விட்டுவிட வேண்டுமென்பது க்ளைவின் தீராத ஆசை. அவர் தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய பொய் ஈயைக் கொண்டு அதை நான் நிறைவேற்ற விரும்பினேன்.

உலர்ந்த கற்களின் மேல் ஈரக் காலடிகள் தெரிந்தன.

"போச்சு! நமக்கு முன்னாடியே எவனோ இறங்கிட்டான், எய்லீன். வேலைக்கு மட்டம் போட்டுட்டு வந்திருப்பான்."

"கத்தாதீங்க மெர்வ், மீன் ஓடிடும்."

முன்னால் இறங்கியவரைத் தாண்டிச் செல்வது இங்கே வழக்கமில்லை. பின்னாலேயே நடந்தோம். தடங்களில் இடது குதிகால் பாதிதான் பதிந்திருந்தது. நான் அணிந்திருந்த க்ளைவின் பூட்சிலும் இடது குதிகால் பாதி உடைந்திருந்தது.

மடுவில் யாருமில்லை. கரையோர ஆழமற்ற நீரில் அந்தப் பெரிய மீன், பிடித்த மீனை விடுமுன் மூச்சு திரும்பும்வரை கைகளில் தாங்குவோமே, அப்படி யாரோ தாங்கியிருப்பதுபோல, நீரோட்டத்தை எதிர்நோக்கி அசையாமல் நின்றது.

மெர்வ் தொப்பியைக் கழற்றினார். நான் தூண்டிலை வீசாமல் நூலைச் சுற்றிக்கொண்டேன்.

மீன் வாலை அடித்து ஆழத்துக்குள் மறைந்தது. அது நின்ற இடத்தருகே, இரண்டு கால்களைச் சுற்றி ஓடுவதைப் போல, ஆறு இன்னும் பிரிந்தே ஓடிக்கொண்டிருந்தது.