விழிப்புணர்வு ஓட்டம்

தாய்மை வலியறியாது.

வெள்ளைப் பனியனில், நெஞ்சுக்குக் குறுக்கே, நீல எழுத்தில். வாசகம் அவள் கணவன் இளம்பரிதியுடையது. தாய்ப்பால் வாரத்துக்காக அவனுடைய சங்கம் அடித்தது. அவளுக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

அதைக் குழந்தைக்கு அடியில் விரித்திருந்தாள்.

பாலியெஸ்டர். எதையும் உறிஞ்சவில்லை.

காலையில் கொடியசைத்துவிட்டு அவனும் ஓடப் போயிருந்தான். அவள் அம்மா வீட்டுக் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காம்பு இரண்டும் வெடித்திருந்தன.

"தலப்புள்ளைக்கு அப்படித்தான்டி. நாங்கல்லாம் பொறுத்துக்கலையா?" என்றாள் அம்மா.

நர்ஸ் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். நுனியை மட்டும் சப்பினால் புண்ணாகும். கறுப்பு வட்டமும் வாய்க்குள் போகணும். குடித்து முடித்ததும் ரெண்டு சொட்டுப் பாலையே தடவி, காத்தாட விடணும்.

குழந்தை நுனியைக் கவ்வியது.

சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்தாள்.

மறுபடி கவ்வியது. மறுபடி விடுவித்தாள். வீறிட்டது.

கொட்டாவி மாதிரி வாய் அகன்றது. சட்டென்று அணைத்துக்கொண்டாள்.

சுருக்கென்றது. அப்புறம் இல்லை.

மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும்.

குழந்தை தூங்கியது. பாலைத் தடவினாள். ஜாக்கெட்டைத் திறந்தபடியே விட்டு, எழுந்து ஃபேனைப் போட்டாள்.

அம்மா ஓடிவந்து நிறுத்தினாள். "பச்ச ஒடம்புடி! காத்து பட்டா சன்னி வந்துரும்."

போட்டாள்.

நிறுத்தினாள். "மொதல்ல மூடு. மாப்பிள்ளை வர்ற நேரம்."

"வரட்டும். விழிப்புணர்வு அவருக்குத்தானே வேணும்."

வந்தான். வியர்வை சொட்டச் சொட்ட.

"அய்யோ, வாங்க மாப்பிள்ளை!" அம்மாவின் கை தானாகப் போய் ஃபேனை ஐந்தில் வைத்தது.

காற்று அவளுக்கும் வந்தது. அவள் மூடவில்லை.

அம்மா மோர் கொண்டுவரப் போனாள்.

அவன் உட்காரவில்லை. பனியனை இரு விரலால் நெஞ்சிலிருந்து தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

"நீ என்னமோ தடவுவியே..." குரல் இறங்கியிருந்தது.

"அது உங்களுக்குச் சுரக்காது. கழட்டுங்க. காத்தாடட்டும்."

ஐந்து கிலோமீட்டரும் பனியன் உரசியிருந்தது. வாசகத்தின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பொட்டு அளவுக்கு ரத்தம்.