இரண்டு கிராம் எண்ணெய்

"தராசுல வச்சா பிள்ளைக்கு எண்ணெய் ஊத்துவே?" அத்தையால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

சமையல் மேடையில் சின்ன மின் தராசு. அதன் மேல் ஒரு கிண்ணம். குட்டியின் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை, குட்டியின் அப்பாவுக்கு அக்கா. காலையில்தான் ஊரிலிருந்து வந்திருந்தாள். வந்ததிலிருந்து பார்க்கிறாள், பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் சோறு கிடையாது. முட்டையும் கீரையும்தான், அதுவும் எடை போட்டு.

"ஒரு கரண்டி ஊத்தினா குடியா முழுகிடும்?"

"கரண்டி சரி வராது அண்ணி. அளவு வேற, எடை வேற. இருபது மில்லி எண்ணெய் பதினெட்டு கிராம்தான் நிக்கும்."

"ரெண்டு கிராமுக்கா இந்தப் பாடு? நகைக்கடையில கூட இப்படி நிறுக்க மாட்டாங்க!"

அம்மா தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. தராசு பதினெட்டு காட்டியது. இன்னும் கொஞ்சம் விட்டாள். இருபது வந்ததும்தான் பாட்டிலை மூடினாள்.

முட்டையின் மேல் எண்ணெயைக் கவிழ்த்தாள். கிண்ணத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தட்டில் விட்டாள்.

"போதும்மா, வழவழன்னு இருக்கு" என்று குட்டி முகத்தைச் சுளித்தாள்.

"கண்ணுல்ல, தட்டை வழிச்சுச் சாப்பிடு. துளி மிச்சம் வைக்கக் கூடாது."

குட்டி ஒருவழியாகச் சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். அத்தை குரலை உயர்த்தினாள்.

"இவ்வளவு கஞ்சத்தனமா? என் தம்பி வரட்டும், கேக்குறேன். நாங்களும்தான் பிள்ளை வளர்த்தோம். வயித்துக்கு வஞ்சனை பண்ணல."

தட்டைக் கழுவப் போன அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"வெளிய சொல்ல வேண்டாம்னு உங்க தம்பிதான் சொன்னாரு. குட்டிக்கு வலிப்பு வருது அண்ணி. எந்த மாத்திரையும் கேக்கல. கடைசியா டாக்டரம்மா இந்தச் சாப்பாட்டைச் சொன்னாங்க. எண்ணெய்தான் அவளுக்கு மருந்து. வேளைக்கு இருபது கிராம்."

அத்தை தராசைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிராமும் மில்லியும் ஒண்ணுதானேன்னு நான் மருந்து மூடியில கோடு பார்த்து ஊத்திக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு வேளையும் ரெண்டு கிராம் கொறஞ்சிருக்கு. நின்னுருந்த வலிப்பு மறுபடி வந்துடுச்சு. அதுலேர்ந்துதான் இந்தத் தராசு."

"அப்ப... சோறு?" அத்தையின் குரல் இறங்கிவிட்டது.

"சோறு, மாவு, இனிப்பு எதுவும் ஆகாது. கொஞ்சம் உள்ள போனாலும் பட்ட பாடெல்லாம் வீண், வலிப்பு வந்துடும்." அம்மா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "இந்த மாசம் ஒரு தடவைகூட வரல அண்ணி. இன்னைக்கு ராத்திரியாவது கொஞ்சம் கண்ணசரலாம்னு இருக்கேன்."

கூடத்தில் குட்டி தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அத்தை அந்தப் பக்கம் பார்த்தாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானம் நீ துணி காயப்போடப் போனப்ப... ரெண்டு பிஸ்கட் குடுத்துட்டேனே!"