வாடகை விரல்கள்

"மாப்பிள்ளைக்குக் கிடார் வாசிக்கத் தெரியணும்." மணப்பெண் பூவிழியின் அப்பா சின்னசாமி போட்ட ஒரே நிபந்தனை இதுதான். அதற்காகவே செந்தூரன் நிச்சயதார்த்தத்தன்று காலை, ஈரோடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், திறமைகளை வாடகைக்கு விடும் ஒரு கடையில், மறைந்த ஒரு ராக் மேதையின் கைத்திறனைத் தன் விரல்களில் ஏற்றிக்கொண்டான். ஒரு நாள் வாடகை. உலகிலேயே இவரை மிஞ்ச ஆளில்லை என்று கடைக்காரன் சத்தியம் செய்தான்.

மண்டபத்தில் கிடாரை ஏன் திருப்பிப் பிடித்தோம் என்று செந்தூரனுக்கே புரியவில்லை. ஆனால் வாசித்தான் பாருங்கள், பந்தியில் உட்கார்ந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். சின்னசாமி கண்ணை மூடிச் சொக்கிப்போனார்.

அடுத்து, தாம்பூலத் தட்டை நீட்டினார்.

செந்தூரனின் இடது கை பாய்ந்துபோய் அதைப் பற்றியது. வலது கை மடியிலேயே கிடந்தது. மேதை இடது கைக்காரர் என்பதைக் கடைக்காரன் சொல்லவேயில்லை!

"பீச்சாங்கையிலயா தாம்பூலம் வாங்கறது? எந்திரிங்க, போலாம்!" என்று பெண்ணின் அத்தை சீறினாள்.

பூவிழியை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் செந்தூரன் உண்மையை உளறினான். "மாமா, விரல் வாடகைங்க. எனக்குக் கிடார்ல ஒண்ணுமே தெரியாதுங்க."

சின்னசாமி அந்த இடது கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"அவரேதான்! சின்ன வயசுலருந்து நான் உருகிக் கேக்கற அதே இடது கை! வாடகை எத்தன மணி வரைக்குமுங்க மாப்ள?"

"ஆறு மணிங்க."

"அப்பத் தட்ட அந்தப்பக்கம் வெச்சுட்டுக் கிடார எடுங்க. தாம்பூலத்த ஏழு மணிக்கு வலது கையில வாங்கிக்கலாம்!"