இருபது பேருக்கு மட்டும்

"இடம் இல்லைங்க. இருபது பேரும் சேர்ந்தாச்சு. அடுத்த பேட்ச் ஆறு மாசம் கழிச்சுதான்."

தொழிற்பயிற்சி அலுவலகத்தின் நாலாம் கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். வேலை போனவர்களுக்கு லிஃப்ட் பழுது பார்க்கக் கற்றுத் தரும் நாலு மாதப் பயிற்சி. செலவு முழுக்க அரசாங்கத்துடையது. முடித்தால் வேலை நிச்சயம். சேர இன்றுதான் கடைசி நாள்.

"ஆறு மாசமா? அதுவரைக்கும் என் மாமனார் என்னைச் சும்மா விடுவாரா மேடம்?" என்றார் எதிரில் நின்ற கிரேன் டிரைவர். "இப்போ அவர் வீட்லதான் இருக்கோம். தினமும் வேலை விளம்பரத்தை எனக்குக் கேக்கற மாதிரி சத்தமாப் படிக்கிறாரு. அதுவும் கண்ணாடி போடாம!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"கிரேன் என்னாச்சு?"

"பதினேழு வருஷம் நான் ஓட்டினேன். இப்போ டிரைவரே இல்லாம அதுவே ஓடுது. கீழே நின்னு பார்த்தேன், என்னைவிட நல்லாவே ஓட்டுது. அதுதான் வயித்தெரிச்சல்."

"லாரி ஓட்டப் போகலாமே?"

"எங்கே போனாலும் ஆள் வேண்டாங்கறாங்க. லிஃப்ட் கம்பெனில மட்டும் ஆள் தேவைன்னு போர்டு தொங்குது. போய் நின்னேன். உயரம் பயமில்லைன்னதும் சந்தோஷப்பட்டாங்க. வயரிங் தெரியுமான்னாங்க. முழிச்சேன். அனுப்பிட்டாங்க."

"பாடம் சுலபமில்லைங்க. முதல் மாசம் முழுக்க கரன்ட், சர்க்யூட்டுன்னு உயிரை வாங்கும். இந்த வயசுல உங்களால முடியுமா?"

அவள் குரலில் கொஞ்சம் சிடுசிடுப்பு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. அவ புத்தகத்துல மின்சாரப் பாடத்தை ரெண்டு தடவை படிச்சேன். அவளே பரீட்சை வெச்சா. ஐம்பதுக்குப் பதினாறு."

"பாஸா?"

"எங்கே! 'அப்பா, ஒரு மார்க் கூடப் போட மாட்டேன், நாளைக்கு மறுபடி எழுது'ங்கறா. நாலு நாளா எழுதிட்டிருக்கேன். நேத்துதான் முப்பத்தொண்ணு. கையெழுத்துக்கு ரெண்டு மார்க் குறைச்சுட்டா, ராட்சசி."

அவள் பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடினாள்.

"சரி மேடம், உங்களைச் சொல்லிக் குத்தமில்லை" என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தார் அவர். பாவம், கோபப்படக்கூடத் தெரியாத மனுஷன். வாசல் வரை போய்விட்டார்.

"கொஞ்சம் நில்லுங்க!"

ஓடி வந்தார்.

"ஒருத்தர் வரலைன்னு சொல்லிட்டாங்க. எனக்குத்தான் மறந்துபோச்சு. இந்தாங்க, ஃபாரத்தை நிரப்புங்க. கையெழுத்து புரியற மாதிரி இருக்கட்டும், உங்க பொண்ணு மாதிரி நானும் மார்க் குறைப்பேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தார். அவள் முத்திரை குத்தி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வகுப்பு என்று சீட்டுக் கொடுத்தாள்.

"அந்த வராத ஆள் யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும் மேடம்!"

"இருப்பாங்க, இருப்பாங்க. நீங்க லேட்டா வராம இருந்தா சரி."

மகளுக்குப் போன் போட்டபடியே அவர் படியிறங்கிப் போனார்.

அவள் கோப்பைத் திறந்து இருபதாவது விண்ணப்பத்தை உருவி எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த தன் போட்டோவைக் கிழியாமல் பிரித்தாள். 'வேலை போன காரணம்' என்ற இடத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது: 'ஒன்றாம் தேதியிலிருந்து நாலாம் கவுண்டரில் எனக்குப் பதில் மெஷின்.'